ஆராய்ச்சி மணியும் கிணற்றுக் கயிறும்

திருடன் வந்தால் 119. நெஞ்சு நொந்தால் 1990. வெள்ளம் பெருகினால் 117. இவை இன்று பள்ளிச் சிறுவனுக்கும் மனனமான இலக்கங்கள். ஆனால் நிறைமாதச் சினைப்பசு ஒன்று கட்டில்லாத தோட்டக் கிணற்றினுள் வீழ்ந்து, மூக்கு மட்டும் நீருக்கு மேலே தெரிய நின்று கதறுமாயின், அதன் சொந்தக்காரன் எந்த இலக்கத்தை அழைப்பான்? இக்கேள்வியை நான் ஊர்க் கூட்டங்கள் பலவற்றிற் கேட்டிருக்கிறேன். கமக்காரரிடம் கேட்டேன், உத்தியோகத்தரிடம் கேட்டேன், நீதிமன்ற வளவில் என் சக சட்டத்தரணிகளிடமுங் கேட்டேன். “அயலட்டைச் சனத்தைக் கூப்பிட வேண்டியதுதான்” என்பதே எல்லாருந் தந்த ஒரே மறுமொழி.

அயல் என்பது நம்மிடையே பெரிய சொல். ஆனால் அந்த அயலின் இன்றைய நிலை யாது? இளைஞரிற் பாதிப்பேர் கனடாவிலும் இலண்டனிலும் உளர். எஞ்சியோர் காலையில் வேலைக்குப் போய் மாலையில் வருகின்றனர். பகலில் ஊரில் இருப்போர் அறுபது கடந்த கிழவரும் கிழவியருமே. முந்நூறு கிலோ எடையுள்ள பசுவை அவர்கள் எங்ஙனம் தூக்குவர்? இன்னுமொன்று: துலா இருந்த காலத்தில் வளவு தோறும் தடித்த கயிறு இருந்தது; துலா மிதித்துப் பழகிய கால்களும் இருந்தன. நீர் இறைக்கும் இயந்திரம் வந்தது, துலா போயிற்று, துலாவோடு கயிறும் போயிற்று. இன்று ஒரு குறிச்சி முழுவதும் தேடினாலும் ஒரு மாட்டின் பாரந் தாங்கும் கயிறு அகப்படுவது அரிது. அகப்படுவது நைலோன் கயிறு. அது தோலை அறுக்கும், முடிச்சு நழுவும்.

மனிதர் படும் பாட்டைக் கவனிக்கவே ஆளில்லாத நாட்டில் மாட்டுக்காக ஒரு கட்டுரையா என்று முகஞ் சுளிப்போர் உண்டு. அவர்கள் பெரும்பாலும் மாட்டால் உண்ணாதவர்கள். போரில் கணவனை இழந்து மூன்று பிள்ளைகளோடு வன்னியில் மீளக் குடியேறிய பெண்ணுக்கு வாழ்வாதாரம் என்று கொடுக்கப்பட்டது பல இடங்களில் ஒரு பசுவே. காலையிற் கறந்து பாற் சேகரிப்பு நிலையத்திற் கொடுத்து, வாரமுடிவிற் பெறும் காசிற்றான் அரிசியும் அப்பியாசக் கொப்பியும் வாங்கப்படுகின்றன. நல்லினக் கறவைப் பசு ஒன்றின் விலை இன்று இலட்சங்களிற் பேசப்படுகிறது. அந்த ஒரு பசு கிணற்றில் விழுந்து இறந்தால் அக்குடும்பத்தின் வங்கி உடைந்தது, சம்பளம் நின்றது, கடன் மட்டும் நிலைத்தது. மாட்டின் உயிரைப் பற்றிப் பேசுவோன் மனிதரின் சோற்றைப் பற்றியே பேசுகிறான். அவ்வுயிருக்குத் தனக்கென ஒரு நோவும் அச்சமும் உண்டென்பதை நான் மறுக்கவில்லை. அதைத் தனியே எடுத்துரைக்க வேண்டிய வாசகர் இப்பத்திரிகைக்கு இரார்.

இனிச் சட்டத்தைப் பார்ப்போம்.

எல்லாளனின் ஆராய்ச்சி மணியை அறியாத தமிழர் இல்லை. அநுராதபுரத்திலிருந்து 44 ஆண்டு அரசாண்ட அம்மன்னன், தன் மகனின் தேர்க்காலில் அகப்பட்டு இறந்த கன்றின் தாய் மணியை அடித்தபோது, மகனையே தண்டித்தான் என்று மகாவம்சமே எழுதி வைத்துள்ளது. பகைவனின் ஏடும் மறைக்க முடியாத புகழ் அது. ஆயினும், வழக்கறிஞன் என்ற முறையில் ஒன்று சொல்வேன்: அந்த மணி கன்று இறந்த பின்னரே ஒலித்தது. நீதி கிடைத்தது; கன்று கிடைக்கவில்லை. இந்நாட்டின் விலங்குச் சட்டம் முழுவதும் இன்னும் அந்த மணியின் அடியிலேயே நிற்கிறது. அதுவும் மணி அடித்தால் யாரும் எழுந்து வராத நிலையில்.

நடைமுறையிலுள்ள பிரதான சட்டம் 1907 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்க விலங்குகளுக்குக் கொடுமை செய்தலைத் தடுக்கும் கட்டளைச் சட்டமாகும். கொடுமை இழைத்தவனுக்கு 100 ரூபா வரை குற்றப்பணம், அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கலாம் என்பது அதன் ஏற்பாடு. 1907 இல் 100 ரூபா ஒரு கமக்காரனைக் கடனாளியாக்கக் கூடிய தொகை. இன்று அது ஒரு போத்தல் பசும்பாலுக்கும் போதாது. அதனைக் காட்டிலும் பெரிய குறை ஒன்றுண்டு. அடிக்காதே, வதைக்காதே, காயம்பட்ட மாட்டை வண்டிலிற் பூட்டாதே என்று அச்சட்டம் சொல்லும். ஆபத்திலுள்ள உயிரைக் காப்பாற்று என்று எவருக்குஞ் சொல்லாது. பொலிசுக்குச் சொல்லாது; பிரதேச சபைக்குச் சொல்லாது; கால்நடை வைத்தியருக்குஞ் சொல்லாது. வதைத்தவனைத் தேடும் சட்டம் அது; வதைப்பட்டதைத் தேடும் சட்டம் அன்று. கிணறு யாரையும் வதைக்கும் நோக்கோடு வாய் திறந்திருக்கவில்லை. ஆகவே அங்கே குற்றவாளியும் இல்லை. குற்றவாளி இல்லாதவிடத்து அந்தச் சட்டத்துக்கு வேலையும் இல்லை.

இக்குறையை அறியாதவர்களா நம் சட்ட அறிஞர்? இல்லை. 2006 இல் சட்ட ஆணைக்குழு விலங்குகள் நலன் பற்றிய சட்டமூலம் ஒன்றை வரைந்தது. ஒரு விலங்கைத் தன் பொறுப்பில் வைத்திருப்போனுக்கு அதனைப் பேணும் கடமை உண்டு என்பது அதன் அடிப்படை. 2016 இல் அமைச்சரவை அதற்கு இணக்கந் தெரிவித்தது. 2024 முடிந்தபோதும் அது சட்டமாகவில்லை. இடையில், 2020 செப்டெம்பரில், மாடறுப்பைத் தடை செய்யும் யோசனைக்கு அமைச்சரவை அங்கீகாரம் வழங்கியது. அது மேடைக்குப் பயன்படும் பொருள். உயிரோடிருக்கும் மாட்டை உயிரோடு வைத்திருக்கும் சட்டமூலத்துக்கோ மேடை இல்லை; ஆகவே அவசரமும் இல்லை. நம் பக்கத்திலும் பசுவின் புனிதம் பற்றிச் சுவரொட்டி ஒட்டுவோர் உளர். பசு கிணற்றில் விழுந்த இரவில் அவர்களுள் எத்தனைபேர் கயிற்றோடு வந்தனர் என்பதை அந்தந்த ஊரவர்களே அறிவர். பட்டி வைத்திருப்போருள் சைவரும் உளர், கிறிஸ்தவரும் உளர், முஸ்லிம்களும் உளர். கிணறு மதம் பார்த்து விழுத்துவதில்லை.

சட்டம் ஒருவரையும் கட்டாயப்படுத்தவில்லை என்றேன். ஆனால் உதவ முன்வருவோனைச் சட்டம் கைவிடவுமில்லை. இதனை நம் மக்கள் அறியார், அறியாமையால் அஞ்சுகின்றனர். “அவருடைய வேலியை வெட்டினால் நாளைக்கு வழக்கு வைப்பார்” என்று தயங்கி நின்ற பொழுதில் மாடு இறந்த கதைகள் பல. தண்டனைச் சட்டக் கோவையின் 74 ஆம் பிரிவைப் பாருங்கள். பெரியதோர் தீங்கைத் தவிர்ப்பதற்காக, குற்ற நோக்கமின்றி, நல்லெண்ணத்தோடு செய்யப்பட்ட செயல், அதனால் வேறொரு சிறு கேடு விளைந்த போதிலும், குற்றமாகாது. தீ பரவாதிருக்க இடையிலுள்ள வீட்டை இடித்தவனையே அப்பிரிவு உதாரணமாகக் காட்டுகிறது. வீட்டையே இடிக்கலாமெனின், கதிகால் நாலைப் பிடுங்கி மாட்டுக்கு வழி விட்டவனை எந்த நீதவான் தண்டிப்பார்? செலவைப் பற்றியும் அஞ்ச வேண்டாம். சொந்தக்காரன் ஊரில் இல்லாதபோது அவன் நன்மையைக் கருதி அவன் காரியத்தை ஏற்று நடத்தியவன், அதற்கெனச் செய்த நியாயமான செலவை அவனிடமிருந்து பெற உரித்துடையவன் என்பது நாம் கைக்கொள்ளும் உரோமன் டச்சுச் சட்டத்தின் பழைய கோட்பாடு. பெக்கோ இயந்திரத்துக்குக் கொடுத்த கூலிக்கும், வைத்தியருக்குக் கொடுத்த கட்டணத்துக்கும் துண்டு எழுதி வாங்கி வையுங்கள். அதுவே போதும்.

கிணறுகளின் கதை வேறு. யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணக்கல் நிலத்திற் கிணறே ஆறு, கிணறே குளம். தோட்டக் கிணறுகள் பலவற்றுக்குக் கட்டுக் கிடையாது. வலிகாமம் வடக்கில் 1990 இல் இடம்பெயர்ந்து, பல்லாண்டுகள் கழித்துத் திரும்பியோர் கண்டது, பற்றை மூடிய கிணறுகளை. மனிதக் கண்ணுக்கே தெரியாத கிணறு புல் தேடும் மாட்டுக்கு எங்ஙனந் தெரியும்? கட்டுக் கட்டச் சொல்லலாம், யாரிடம்? உறுதியைப் பிரித்தால், கிணற்றிலும் வழியிலும் வாய்க்காலிலும் பதினாறில் ஒரு பங்கு என்று எழுதியிருக்கும். அந்தப் பதினாறு பங்காளரில் ஒருவர் ரொறன்ரோவில், ஒருவர் பரிசில், இருவர் காலமாகிவிட்டனர், ஒருவரோடொருவர் பேச்சில்லை. தண்ணீருக்கு எல்லாரும் பங்காளர், கட்டுக்கு ஒருவருமில்லை. நொத்தாரிசுமார் எழுதிய அழகிய தமிழைப் பற்றி நான் பெருமைப்படுவதுண்டு. ஆனால் ஒரு உறுதியிலாவது கட்டு யார் கட்டுவது என்று எழுதி நான் கண்டதில்லை.

இதற்குஞ் சட்டத்தில் ஓர் கதவு உண்டு. 1979 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக் கோவையின் 98 ஆம் பிரிவின் கீழ், பொது வழிக்கோ பொது இடத்துக்கோ அருகிலுள்ள கிணறு, குளம், அகழி ஆகியன பொதுமக்களுக்கு ஆபத்து நேராவண்ணம் வேலி இடப்படல் வேண்டுமென்று நீதவான் கட்டளையிடலாம். ஒழுங்கையோரத்துக் கிணற்றுக்கு இப்பிரிவு நன்கு பொருந்தும். உள்வளவுக் கிணற்றுக்குப் பொருந்தாது. மாட்டுக்காக என்று கேட்காதீர்கள்; பள்ளிப் பிள்ளைகள் செல்லும் வழி என்று கேளுங்கள். பிள்ளைக்காக எழும் கட்டு மாட்டையும் காக்கும்.

கிணறு ஒன்றுதானா ஆபத்து? 2022 டிசெம்பரில் வங்கக் கடலில் மாண்டௌஸ் புயல் எழுந்தபோது வடக்கிலும் கிழக்கிலும் வீசிய குளிர்காற்றிலும் மழையிலும் ஆயிரத்துக்கு மேற்பட்ட மாடுகளும் எருமைகளும் ஆடுகளும் மடிந்தன. நோயோ என்று ஐயுற்று இறைச்சியை வெளியிடங்களுக்குக் கொண்டு செல்வதையும் அரசாங்கம் தற்காலிகமாகத் தடுத்தது. சோதித்துப் பார்த்தபோது தெரிந்தது, அது நோயன்று, குளிர். வெப்ப நிலத்து மாடு. உலர்ந்த நிலத்திற் படுத்துப் பழகியது. கூரையில்லாப் பட்டியில், இரவு முழுவதும் நனைந்து, காற்றில் உடற்சூடு இறங்கி விழுந்தது. விழுந்த மாட்டைத் துடைத்து, வைக்கோலால் மூடி, அருகில் நெருப்பு மூட்டிக் காற்றை மறைத்திருந்தால் அவற்றுட் பல பிழைத்திருக்கும். சொல்வார் யார்? கடலிற் போகாதே என்று மீனவனுக்குச் சொல்லும் வானொலி, பட்டியை மேட்டுக்குக் கொண்டு போ, காற்றுப் பக்கம் படங்கு கட்டு என்று பட்டிக்காரனுக்குச் சொல்வதை வழக்கமாக்கிக் கொள்ள வேண்டும். 2005 ஆம் ஆண்டின் அனர்த்த முகாமைத்துவச் சட்டத்தின் கீழ் எழுந்த நிலையம் மாவட்டந்தோறும் இயங்குகிறது. புதுத் திணைக்களம் வேண்டியதில்லை. பழையதற்கு ஒரு கட்டளை போதும்.

மட்டக்களப்பில் நிலைமை இன்னுங் கொடிது. அங்கே மாரி விதைப்புத் தொடங்கியதும் வயற்புறத்து மாடுகள் அனைத்தும் மேய்ச்சற்றரைக்குப் போயாக வேண்டும். இல்லையேல் வேளாண்மை அழியும். அவ்வாறு தலைமுறை தலைமுறையாக மாடு போன தரை மயிலத்தமடு, மாதவனை. அத்தரையில் வெளிமாவட்டத்தார் புகுந்து பயிர் செய்யத் தொடங்கிய பின், மாடுகள் சுடப்பட்டும் வெட்டப்பட்டும் மின்கம்பியிலும் தீனியில் மறைத்த வெடியிலும் அகப்பட்டும் இறந்தன என்று பண்ணையாளர் முறையிட்டனர். 2023 செப்டெம்பர் 15 முதல் சித்தாண்டியில் வீதியோரத்திற் கொட்டகை அமைத்துத் தொடர் போராட்டமும் நடத்தினர். நில உரிமை பற்றி இப்பத்திரிகையில் வேறு பலர் எழுதுவர். நான் கேட்பது வேறொன்று: வாயில் வெடி வெடித்துத் தாடை சிதைந்த பசு அந்தக் காட்டோரத்திற் கிடக்கிறது. வைத்தியர் இருக்கும் ஊருக்கு நல்ல தெரு இல்லை. தொலைபேசிக்குச் சைகை இல்லை. அந்தப் பசுவுக்கு யார் வருவார்? தண்ணீர் குடிக்க முடியாமல், பட்டிக்காரன் கண்முன்னே, அது நாட்கணக்கில் நின்று சாகும். மீட்பு என்பது சில வேளைகளில் நோவைப் போக்கும் ஊசியாகவும், இன்னுஞ் சில வேளைகளில் முடிவு தரும் ஊசியாகவும் இருக்கலாம். பின்னது நம்மவர்க்கு மனம் ஒவ்வாத பேச்சு என்பதை அறிவேன். ஆயினும் அத்தீர்ப்பைக் காகங்களிடம் விடுவதிலும் வைத்தியரிடம் விடுவது மேல்.

வைத்தியர்களைக் குறை கூறுவது எளிது. நான் கூறமாட்டேன். இந்நாட்டிற் கால்நடை வைத்தியரை உருவாக்கும் பீடம் ஒன்றே, அது பேராதனையில் உள்ளது. ஆண்டுக்கு அங்கிருந்து வெளியேறுவோரை எல்லா மாகாணங்களும் பங்கிட வேண்டும். ஒரு பிரதேசத்துக்கு ஒருவர். தடுப்பூசி அவர் தலையில், செயற்கைமுறைச் சினைப்படுத்தல் அவர் தலையில், மாடு கொண்டு செல்லும் சான்றிதழ் அவர் தலையில், கூட்டமும் அறிக்கையும் அவர் தலையில். அலுவலகம் மாலை நான்கேகாலுக்கு மூடும். நான்கேகாலுக்குப் பின் விழுவதில்லை என்று எந்த மாடும் சத்தியக் கடதாசி முடித்துக் கொடுக்கவில்லை. கன்று ஈன்ற மறுநாள் இரவு, நல்லினப் பசு திடீரென்று தள்ளாடி விழுந்து, கழுத்தை விலாப்பக்கம் மடித்துக் கிடக்கும், காது குளிர்ந்திருக்கும். பாற்காய்ச்சல் என்பர், பெயரிற்றான் காய்ச்சல், உடம்போ குளிரும். இரத்தத்திற் சுண்ணச் சத்துக் குறைந்ததே காரணம். நாளத்தில் அம்மருந்தை முறைப்படி மெல்ல ஏற்றினால் இறந்து போகும் என்றிருந்த பசு எழுந்து நிற்கும். விடியட்டும் என்று காத்திருந்தால் விடியும்போது பசு இராது. ஜேர்சிக் கலப்பினத்தைக் கமக்காரனிடம் கொடுத்தோர் இந்த நோயையும் சேர்த்தே கொடுத்தனர்; மருந்தை ஏற்ற இரவில் ஓர் ஆளை மட்டும் கொடுக்கவில்லை.

இரண்டு அல்லது மூன்று பிரதேசங்களைச் சேர்த்து, வாரத்துக்கொருவர் என்று முறைவைத்து, இரவுக்கடமை வைத்தியர் ஒருவரை நியமித்து, அவருக்கு வாகனமும் மேலதிகப் படியும் கொடுப்பது இயலாத காரியமா? கால்நடை வளர்ப்பு 13 ஆவது திருத்தத்தின் கீழ் மாகாணப் பட்டியலில் உள்ள விடயம். மாகாணத்தினுட் கால்நடையைப் பேணலும் காத்தலும் விருத்தி செய்தலும் நோய் தடுத்தலும் மாகாண சபையின் அதிகாரம். ஆனால் கிழக்கு மாகாண சபையின் ஆயுள் 2017 செப்டெம்பரில் முடிந்தது; வடக்கின் ஆயுள் 2018 ஒக்டோபரில் முடிந்தது. ஏழாண்டு கழிந்தும் தேர்தல் நடத்தப்படவில்லை. அதிகாரம் ஆளுநரின் மேசையில் உறங்குகிறது. அதிகாரப் பகிர்வு என்றால் ஏதோ பட்டணத்து வக்கீல்களின் விளையாட்டு என்று எண்ணுங் கமக்காரர் உளர். அவர்களிடம் நான் சொல்வது இது: இரவில் உங்கள் பசுவுக்கு ஊசி போட ஆள் வருவதும் வராததும் அந்தப் பகிர்விலேதான் இருக்கிறது. அதே வேளையில் உண்மையையும் மறைக்கலாகாது. 2013 முதல் 2018 வரை வடக்கிற் சபை இருந்த ஐந்தாண்டிலும் இரவுக்கடமை வைத்தியர் முறை வரவில்லை. தீர்மானங்கள் பல நிறைவேறின. கயிறு ஒன்று வாங்கப்படவில்லை.

கொண்டு செல்லும் இடர் இன்னொன்று. மாடுகளை இடம் விட்டு இடம் கொண்டு செல்ல அனுமதிப்பத்திரம் வேண்டும் என்பது மாட்டுத் திருடரை அடக்க எழுந்த விதி. நல்ல விதி. திருட்டால் வன்னியிலும் தீவகத்திலும் அழிந்த பட்டிகள் எத்தனை! ஆனால் நள்ளிரவில், கன்று குறுக்கே சிக்கிய பசுவை உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிக்கொண்டு வைத்தியர் வீடு நோக்கி விரைபவனும் பொலிசாரின் கண்ணுக்குத் திருடனாகவே தோன்றுவான். என்னிடம் வந்த ஒருவர் அவ்வாறே வீதியில் மறிக்கப்பட்டு, பத்திரம் எங்கே என்ற கேள்விக்கு விடை சொல்லி முடிக்குமுன் கன்றும் தாயும் இறந்தன. மறித்த உத்தியோகத்தர் சட்டப்படியே நடந்தார். அவரைக் குற்றஞ் சாட்ட எனக்கு ஒரு பிரிவும் அகப்படவில்லை. ஆகவேதான் இவ்விதிக்கு ஒரு விலக்கு எழுதப்பட வேண்டும் என்கிறேன்: காயப்பட்ட அல்லது ஈற்று நோவிலுள்ள விலங்கை அண்மையிலுள்ள வைத்தியரிடம் கொண்டு செல்வதற்குக் கிராம உத்தியோகத்தருக்குத் தொலைபேசியில் அறிவித்தலே போதுமானது என்று. அது வரும் வரை, மாட்டின் காதில் இலக்கத் தகடும் வீட்டிற் பதிவு அட்டையும் இருக்கட்டும். புறப்படுமுன் பொலிஸ் நிலையத்துக்கும் கிராம உத்தியோகத்தருக்கும் சொல்லிவிட்டுப் புறப்படுங்கள். சொன்ன நேரத்தைக் குறித்து வையுங்கள். பதிவில்லாத மாட்டுக்கு நட்டஈடு கேட்கும்போதும் இதே இடர்தான் எழும்: உன் மாடு என்பதற்கு அத்தாட்சி என்ன?

அரசு வரும்வரை நாம் சும்மா இருக்க வேண்டுமா? இல்லை. வைத்தியர் சொல்லக் கேட்டும் ஊரில் நின்று கண்டும் அறிந்த சிலவற்றைக் கமக்காரர் பொருட்டுச் சொல்கிறேன். கிணற்றில் மாடு விழுந்தால் முதலிற் செய்ய வேண்டியது மனிதன் குதியாமல் இருப்பது. பாழுங் கிணற்றிலும், உள்ளே இயந்திரம் ஓடிய கிணற்றிலும் நச்சுக் காற்று நிற்கும். மாட்டைக் காக்க இறங்கியவன் மேலே வராமற் போவான். தலைக்கயிற்றாற் பசுவின் முகத்தை நீருக்கு மேலே தாங்கி, கயிற்றை மரத்திற் கட்டுங்கள். சத்தம் போட்டுச் சூழ்ந்து நில்லாதீர்கள், அது மிரண்டு களைத்து அமிழும். கழுத்திலும் கொம்பிலும் கயிறு போட்டுத் தூக்குவதே நம்மூரில் அதிகம் நடக்கும் கொலை. அகன்ற பட்டிகள் இரண்டு வேண்டும்: ஒன்று முன்னங்காலுக்குப் பின்னே நெஞ்சின் கீழ், மற்றொன்று மடிக்கு முன்னே. பட்டி இல்லையேல் சாக்கை மடித்துக் கயிற்றிற் சுற்றுங்கள். தூக்குவதற்கு ஊரில் இப்போது பெக்கோ உண்டு. ஆனால் விளிம்பிலிருந்து விலகி நிற்கட்டும், பழைய கிணற்றின் வாய் இடியும். வெளியே எடுத்த மாட்டைப் பக்கவாட்டிற் கிடத்தாதீர்கள். நெஞ்சின்மேல் இருத்தி இருபுறமும் வைக்கோற் கட்டு அண்டை கொடுங்கள், இல்லையேல் வயிறு ஊதும். துடையுங்கள், மூடுங்கள். எழுந்து நிற்க முடியாத மாட்டை இரண்டு மூன்று மணிக்கொருமுறை மறுபக்கம் புரட்டுங்கள். தன் பாரத்தாலேயே கால் நசிந்து போகும். வாயில் எண்ணெயோ கசாயமோ ஊற்ற வேண்டாம். களைத்த மாட்டுக்கு அது வயிற்றுக்குப் போகாது, சுவாசப்பைக்குப் போகும். பாட்டி சொன்ன வைத்தியம் என்று சண்டைக்கு வருவோர் வரட்டும்.

இவ்வளவுக்கும் தேவையான கருவிகளின் பட்டியலை எண்ணிப் பாருங்கள். அகன்ற பட்டி இரண்டு, தடித்த கயிறு நாற்பது யார், மூன்று கால் தாங்கி ஒன்று, கப்பி ஒன்று, இரவு விளக்கு ஒன்று. ஒரு பிரதேச சபையின் வருடாந்தப் பொன்னாடைச் செலவுக்குள் அடங்கும். 2025 மே 6 தேர்தலின் பின் நம் பிரதேச சபைகள் மீண்டும் அமைந்துவிட்டன. இங்கே ஆளுநரைச் சாட்ட முடியாது, கொழும்பைச் சாட்ட முடியாது. சபைகளிற் பலவற்றின் பெரும்பான்மை நம்மவர் கையில். உழவு இயந்திரம் சபையிடம் உண்டு, சாரதி உண்டு. பல சபைகளிற் பெக்கோவும் உண்டு. இல்லாதது ஒரு தொலைபேசி இலக்கமும், மாலை நான்கேகாலுக்குப் பின் அதை எடுக்கும் ஆளும். பால் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கங்கள் இதிற் கைகோக்கலாம். அதிகாலையில் ஒவ்வொரு குறிச்சிக்கும் போய்வரும் பால் வாகனத்தைப் போல் ஊரை அறிந்தது வேறு எது? எந்த வீட்டில் எந்தப் பசு இன்று பால் தரவில்லை என்பது சங்கத்துக்கு முதலில் தெரியும்; வைத்தியருக்குக் கடைசியில் தெரியும். இந்த வரிசை மாற வேண்டும்.

1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமத்திலிருந்து புறப்பட்ட சனம், வீட்டைப் பூட்டியதோ இல்லையோ, மாட்டின் கயிற்றை அவிழ்த்து விட்டே புறப்பட்டது. 2009 இன் தொடக்க மாதங்களில் வன்னியிலும் அங்ஙனமே நடந்தது. தம் உயிருக்கே உறுதியில்லாதபோதும் கட்டில் நின்று சாகவிடாத மக்கள் நாம். அந்த மக்களின் சபைகளிடம் இதனைக் கேட்பது மிகையான கோரிக்கை அன்று.

பிரதேச சபைகள் வரவு செலவுத் திட்டத்தை ஆண்டிறுதியில் நிறைவேற்றுகின்றன. அதற்கு முன்பே, ஐப்பசி மாதத்துக்குள், ஒவ்வொரு வட்டாரத்திலும் கமக்காரர் அமைப்பும் கூட்டுறவுச் சங்கமும் கையொப்பமிட்டு மூன்று கோரிக்கைகளை எழுத்திற் கொடுக்க வேண்டும்: கருவிகள், இரவு தொலைபேசி, கட்டில்லாக் கிணறுகளின் கணக்கெடுப்பு. வாய்ச்சொல்லாகக் கேட்டால் வாய்ச்சொல்லாகவே மறுமொழி வரும். மனுவின் பிரதி ஒன்றில் சபையின் இறப்பர் முத்திரையும் திகதியும் பெற்று வைத்துக் கொள்ளுங்கள். அந்த வட்டார உறுப்பினர் எந்தக் கட்சியினராயினும், திட்டம் வாக்கெடுப்புக்கு வரும் நாளிற் பார்வையாளர் ஆசனத்திற் பத்துப் பட்டிக்காரர் அமர்ந்திருக்கட்டும்.